காப்பு கைமாறும் கதை: மேசை மேல் ஒரு சூப்பர்ஹீரோ அனிமேஷன் படம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் சொந்தமாக அனிமேஷன் படம் எடுக்க இறங்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுக்கு ஒரே கதையைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறோம். வேலூர்க் கோட்டையை நெடுங்காலம் காத்துவரும் கிழட்டு வீரர் கோட்டையார். அவருக்குப் பின் காவலை ஏற்கப்போகும் 12 வயதுப் பெண் கயல். கோட்டையாருடைய பலமெல்லாம் வலது கையிலிருக்கும் இரும்புக் காப்பில். படம் 3 நிமிடம். காகிதத்தில் வெட்டிய பொம்மைகளை மேசையில் கிடத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடிக்கும் முறை இது.

கதையில் எத்தனை சண்டை வைக்கலாம்?

ஒன்று. அதுவும் சீடப்பிள்ளை ஜெயிக்கிற சண்டையாக இருக்க வேண்டும். முதல்முறை எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கடைசி நேரத்தில் குரு பாய்ந்து வந்து வில்லனை அடித்துப் போடுவார், கைதட்டல் கிடைக்கும், ஆனால் காவல் கைமாறாது. அவர் இன்னும் தெம்பாக இருக்கும்போது அந்தப் பெண் எதற்கு என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடும்.

180 நொடியை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: கோட்டையாருக்கு மூச்சு வாங்குவது தெரியும் தொடக்கம் 30 நொடி, இருவரும் சந்திப்பது 20, பயிற்சி 60, சண்டை 50, காப்பு மாறுவது 20. அதிக நேரம் பயிற்சிக்குத்தான்.

குரு கடைசியில் சாக வேண்டுமா?

வேண்டியதில்லை. பாடம் பாதியில் நிற்பதே போதிய பதற்றத்தைத் தரும். திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியே வரத் தெரியாது. நம் கதையில் கயலுக்கு மதில் மேலிருந்து தாவத் தெரியும், தரையில் இறங்கத் தெரியாது. மொத்தப் படத்தையும் அந்த ஒரு இறக்கத்தின் மேல் கட்டலாம்.

எந்தப் படங்களைப் பார்த்துப் பழகுவது?

இரண்டு போதும். முதலாவது, 2000-இல் வீடியோவாக வந்த ‘பேட்மேன் பியாண்ட்: ரிட்டர்ன் ஆஃப் த ஜோக்கர்’. வயதாகி ஒதுங்கிவிட்ட பழைய பேட்மேன் புரூஸ் வெய்ன், பள்ளி மாணவன் டெர்ரி மெக்கின்னிஸுக்கு வேடத்தைக் கொடுத்துவிட்டுக் குகையில் உட்கார்ந்தபடி காதில் வழி சொல்லிக்கொண்டிருப்பார். சின்னக் குழுவுக்கு இது பெரிய உதவி: குருவின் குரல் மட்டும் கேட்டால் போதும், ஒவ்வொரு ஷாட்டிலும் அவர் பொம்மையை அசைக்க வேண்டாம். வன்முறையைக் குறைத்து முதலில் வெளியிட்டார்கள். வெட்டாத பதிப்பு 2002-இல் வந்தது. சிறு பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் முதல் பதிப்பையே போடுங்கள்.

இரண்டாவது, 2018-இல் வந்து சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய ‘ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்’. அதில் காட்டுக்குள் ஸ்பைடர்மேன் பீட்டரும் சீடப்பிள்ளை மைல்ஸும் வலை வீசித் தொங்கிச் செல்லும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். பழகின கையான பீட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்கிறார். புதுசான மைல்ஸ் இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறைதான் நகர்கிறான். ஏன் என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் பையன் தடுமாறுகிறான் என்பது மனசுக்குத் தெரிந்துவிடும். வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை.

அந்த வித்தையை மேசை மேல் செய்ய முடியுமா?

முடியும். இந்தப் படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நாம் நொடிக்கு 12 ஃபிரேம் எடுக்கிறோம். கோட்டையாரை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நகர்த்துங்கள். கயலை ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் நகர்த்துங்கள். அதாவது அவளுக்கு நொடிக்கு 6 நிலைதான். இருவரும் ஒரே ஷாட்டில் இருந்தாலும் இதே கணக்கு.

மதிலிலிருந்து கோட்டையார் இறங்குவதை 14 ஃபிரேமில் பிரிக்கலாம்: குந்துவது 4, உடம்பு நீள்வது 1, காற்றில் 3, முழங்கால் மடங்கித் தரை தொடுவது 2, நிமிர்வது 4. கயலின் முதல் தாவலில் குந்துவதற்கு 2 நிலை, காற்றில் 2 நிலை, ஒவ்வொன்றும் இரண்டிரண்டு ஃபிரேம். காலை விறைப்பாக வைத்துத் தரையில் ஒரு நிலை, உடனே குப்புற விழுந்துவிட வேண்டும். நடுவில் மடங்கும் நிலையே இருக்கக் கூடாது. மடங்காததால்தான் விழுகிறாள்.

பயிற்சியில் மூன்று முறை விழட்டும். இரண்டாம் முறை மடங்கும் நிலை ஒரே ஒரு ஃபிரேம் வரட்டும். மூன்றாம் முறை இரண்டு ஃபிரேம் வரட்டும், ஆனால் நிமிர முடியாமல் சாய்ந்துவிடட்டும். சண்டையில் அவள் இறங்கும்போது கோட்டையாரின் அதே 14 ஃபிரேம், அதே இடைவெளி. இதற்கு, கோட்டையார் இறங்கும் ஷாட்டை எடுக்கும்போதே பக்கத்தில் ஒரு பட்டர் பேப்பரில் 14 நிலைக்கும் தலை, இடுப்பு, பாதம் மூன்றுக்கும் பென்சில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கயல் அவரில் மூன்றில் இரண்டு பங்கு உயரம் என்றால் புள்ளிகளையும் அதே விகிதத்தில் சுருக்குங்கள். அவர் 6 செ.மீ. நகர்ந்த இடத்தில் இவள் 4 செ.மீ. நகர்வாள். குருவின் நடை சீடப்பிள்ளையின் உடம்பில் வந்து உட்காருவதைப் பார்ப்பவர் தன்னையறியாமல் கண்டுகொள்வார்.

யாரை எப்போது நகர்த்துவது என்று குழம்பாதா?

குழம்பும். அதனால்தான் பெரிய ஸ்டூடியோக்களிலும் எக்ஸ் ஷீட் என்று ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். நீளவாக்கு மளிகைக் கணக்கு நோட்டு ஒன்று போதும். ஐந்து கட்டம்: ஃபிரேம் எண், கோட்டையார், கயல், வாய், பின்னணி. நகர்த்தினால் புள்ளி, நகர்த்தாவிட்டால் கோடு. நோட்டைப் பிடிப்பவர் வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது. அவர் சத்தமாக “37, தாத்தா மட்டும்” என்று சொன்ன பிறகுதான் பொம்மை மேல் கை போக வேண்டும்.

மொத்தம் எத்தனை ஃபிரேம், எத்தனை நாள்?

180 நொடிக்கு நொடிக்கு 12 வீதம் 2,160 ஃபிரேம். ஒன்றுக்கு 20 நொடி ஆனால் 12 மணி நேரம். புதுக் கைக்கு 40 நொடி ஆகும், அப்போது 24 மணி நேரம். தினம் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் பத்து நாள். ஒரு ஃபிரேம் 4 எம்பி என்றால் ஏறக்குறைய 9 ஜிபி இடம் வேண்டும். தொடங்கும் முன்பே கைப்பேசியைக் காலி செய்து வையுங்கள்.

பொம்மை எதில் வெட்டுவது?

250 முதல் 300 ஜிஎஸ்எம் (அட்டையின் கனத்தைச் சொல்லும் அளவு) ஐவரி போர்டு. சாதா சார்ட் பேப்பர் இரண்டு நாளில் சுருண்டுவிடும். கோட்டையார் 12 செ.மீ., கயல் 8 செ.மீ. தலை, உடம்பு, மேல்கை 2, முன்கை 2, தொடை 2, கெண்டைக்கால் 2, பாதம் 2 என்று ஆளுக்கு 12 துண்டு. பாதத்தைத் தனியாக வெட்டாவிட்டால் இறங்கும்போது கால் தரையில் ஊன்றாது.

மூட்டுக்கு ஊசியில் தடித்த நூல் கோத்து இரண்டு பக்கமும் முடிச்சுப் போடுங்கள். குண்டூசி குத்தினால் அதன் தலை தூக்கி நிழல் விழும். நூல் மூட்டில் வரும் தொல்லை, கை கால் தொளதொளவென்று ஆடுவது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் மெல்லிய தோல் துண்டு எளிதாகக் கிடைக்கும். அதை 5 மி.மீ. வட்டமாக நறுக்கி இரண்டு அட்டைக்கும் நடுவில் வைத்துக் கட்டுங்கள். தோல் பிடித்துக்கொள்ளும், வைத்த இடத்தில் கை நிற்கும்.

முகத்துக்கும் காப்பு அணிந்த கைக்கும் நெருக்கக் காட்சிகள் வரும். அவற்றுக்கு மூன்று மடங்கு பெரிதாகத் தனிப் பொம்மை வெட்டிக்கொள்ளுங்கள். சின்னதைக் கேமரா பக்கத்தில் வைத்து எடுத்தால் அட்டை ஓரத்துப் பிசிறெல்லாம் தெரியும்.

சூப்பர்ஹீரோவுக்கு உடை? கேப், ஜட்டி எல்லாம் வேண்டுமா?

நம் பக்கத்தில் அதைவிடக் கம்பீரமான உடை இருக்கிறதே! தெருக்கூத்துக் கட்டை வேடத்தைப் பாருங்கள்: உயர்ந்த கிரீடம், தோளில் விரிந்த புஜகீர்த்தி, மார்புப் பதக்கம், எல்லாம் மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று அமைந்த உருவம் அது. அனிமேஷனுக்கும் அதே தேவைதான். செய்யாறு பக்கம் புரிசையைப் போலக் கூத்துக்குப் பேர்போன ஊர்கள் பழைய வட ஆற்காட்டில்தான் இருக்கின்றன. ஓர் இரவு போய் உட்கார்ந்து கோடு போட்டு வாருங்கள்.

கோட்டையாருக்குத் தோள் அகலம். கயலுக்கு இரட்டைச் சடை, ஒல்லி உருவம். இரண்டையும் முழுக் கறுப்பாக வரைந்து கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். யார் யார் என்று சட்டென்று சொல்ல முடியாவிட்டால் உடையை மாற்றுங்கள். கண்ணாடிச் சில்லுக்குப் பளபளக் காகிதம் ஒட்டினால் மூன்று இடத்தோடு நிறுத்துங்கள். பொம்மை அசையும்போதெல்லாம் அது வேறு வேறு கோணத்தில் மினுக்கும். அதிகமானால் கண் கூசும்.

காப்பு மாறும் காட்சியை எப்படி எடுப்பது?

நெருக்கக் காட்சி, பெரிய கைப் பொம்மைகள். கோட்டையாரின் கை மேலிருந்து இறங்குகிறது, கயலின் கை கீழிருந்து எழுகிறது. காப்பைத் தனித் துண்டாக வெட்டி, நடுவில் கத்தியால் கீறி, கை உள்ளே போகும்படி வையுங்கள். அவர் கையிலிருந்து கழன்று வர 18 ஃபிரேம், ஒவ்வொன்றுக்கும் 2 மி.மீ. மெதுவாக. பல வருடம் போட்ட காப்பு, எளிதில் கழலாது.

கயல் கைக்கு அது பெரிது. மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை சரிய வேண்டும். 5 ஃபிரேம்: 2 மி.மீ., 5, 9, 14, பிறகு முழங்கையில் தட்டி 3 மி.மீ. பின்வாங்கல். கடைசி 3 மி.மீ. இல்லாவிட்டால் இரும்பு மாதிரித் தெரியாது, காகிதம் மாதிரித்தான் தெரியும். அதன் பிறகு ஒரு முழு நொடி, 12 ஃபிரேம், எதையும் அசைக்காதீர்கள். அடுத்து அவள் மற்றக் கையால் காப்பைப் பிடித்து மேலே தள்ளுவது 8 ஃபிரேம். இந்த ஷாட்டில் வசனம் வேண்டாம். காப்பு முழங்கையில் தட்டும் சத்தம் மட்டும். எவர்சில்வர் டம்ளரில் சாவியைத் தட்டிப் பதிவு செய்யலாம்.

கைப்பேசியை எப்படி நிறுத்துவது?

இரண்டு ஸ்டூல், நடுவில் ஒரு பலகை, பலகையில் கேமராவுக்கு ஓட்டை. மேசையிலிருந்து 30 முதல் 35 செ.மீ. உயரத்தில் சாதாக் கேமராவில் ஏறக்குறைய 40 செ.மீ. அகலம் பிடிக்கும். அகலக் கோணக் கேமராவைத் தொடாதீர்கள், ஓரம் வளையும். திரையைத் தொட்டு எடுத்தால் கைப்பேசி ஆடும். பல கைப்பேசிகளில் வயர் இயர்போனின் ஒலி பட்டனே படம் எடுக்கும். உங்களுடையதில் சோதித்துப் பாருங்கள்.

எடுத்ததெல்லாம் மினுக் மினுக் என்று வருகிறதே, ஏன்?

மூன்று காரணம். முதலாவது, கைப்பேசி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். புரோ மோடு இருந்தால் வெள்ளைச் சமநிலையையும் (படத்தின் நிறச் சாயல்) பூட்டுங்கள். இரண்டாவது, ஜன்னல் வெளிச்சம். ஒரு மேகம் கடந்தால் போதும். ஜன்னலைப் போர்வையால் மூடிவிட்டு இரண்டு 9 வாட் எல்இடி பல்பை இரு பக்கமும் 45 பாகையில் வையுங்கள். மூன்றாவது, மின்சாரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் துடிப்பு தெரியாது.

நகர்த்துபவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாலும் வெளிச்சம் மாறும். கறுப்போ கருநீலமோ போடட்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குப் பின்வாங்கி நிற்கட்டும்.

வேலூர் வெயிலில் ஃபேன் போடாமல் எப்படி?

போட முடியாது, பொம்மை பறந்துவிடும். விடியற்காலை 5 முதல் 8, இல்லையென்றால் இரவு 8-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே பகலில் பூட்டிய அறையில் உட்காருவது உடம்புக்கும் ஆகாது, கைப்பேசிக்கும் ஆகாது. சூடு ஏறினால் திரை மங்கும், செயலி தானாக மூடிக்கொள்ளும். கவரைக் கழற்றிவிட்டு 50 ஃபிரேமுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். கை வியர்வை பட்டால் அட்டை உப்பும். கொஞ்சம் டால்கம் பவுடர், அல்லது பல்குத்தும் குச்சியால் நகர்த்துங்கள்.

கரன்ட் போனால் பாதி ஷாட் வீண். பவர் பேங்கில் எரியும் யுஎஸ்பி எல்இடி விளக்கு இரண்டு இருந்தால் முதலிலிருந்தே அதிலேயே எடுங்கள். நடுவில் விளக்கை மாற்றினால் நிறம் மாறிவிடும்.

கோட்டையைப் பின்னணியாக வரைவது எப்படி?

நேரில் போய்க் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், ஆகவே ட்ரோன், ட்ரைபாட் என்று போகாதீர்கள். கோட்டைக் கல்லை மஞ்சளாக அடிப்பது வழக்கமாகிவிட்டது, அது கருங்கல். சாம்பலில் கொஞ்சம் பழுப்பு, கீழே அகழித் தண்ணீர் தொடும் இடத்தில் கரும்பச்சை.

மூன்று அடுக்கு வையுங்கள்: தூரத்து மலை, மதில், முன்னால் ஒரு மரக்கிளை. ஓடும் காட்சியில் ஃபிரேமுக்கு மலை 1 மி.மீ., மதில் 4, கிளை 12 நகரட்டும். இரண்டு முழு சார்ட்டை ஒட்டி 120 செ.மீ. மதில் வரைந்தால், 40 செ.மீ. சட்டத்துக்குப் போக 80 செ.மீ. ஓடும், 200 ஃபிரேம், 16 நொடிக்கு மேல். ஒட்டு தெரியும் இடத்தில் ஒரு காவல் மேடையை வரைந்து மறையுங்கள்.

குரல், உதட்டசைவு?

குரலை முதலில் பதியுங்கள், பிறகு படம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துப் பேசினால் எதிரொலி இருக்காது. காட்பாடிப் பக்கம் வீடென்றால் ரயில் ஓசை அடங்கும் வரை பொறுங்கள்.

கோட்டையார் வாயைத் துண்டால் மறைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். கயலுக்கு ஆறு வாய் போதும்: மூடியது (ம, ப), அகன்றது (ஆ), பக்கவாட்டில் நீண்டது (இ, ஏ), குவிந்தது (உ, ஓ), கீழுதட்டில் பல் தொட்டது (வ), சும்மா லேசாகத் திறந்தது. தமிழுக்கு முக்கியம் ஒற்று. ‘அம்மா’, ‘அப்பா’ என்னும்போது மூடிய வாய் இரண்டு ஃபிரேம் நிற்க வேண்டும். ஒன்றோடு விட்டால் ‘அமா’ என்று சொல்வதுபோல் இருக்கும். மற்ற எழுத்தெல்லாம் கொஞ்சம் பிசகினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பேச்சு நம்ம ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும். “முழங்காலை மடக்கி இறங்கு, மகளே” என்றால் டப்பிங் படம் மாதிரி இருக்கும். “இன்னா கண்ணு, முட்டிய மடக்காம குதிச்சா எலும்பு தாங்குமா?” என்றால் தாத்தா எழுந்து வந்துவிடுவார்.

ஸ்பைடர்மேனையே வைத்து எடுத்தால் என்ன? சினிமாப் பாட்டு போடலாமா?

அந்தப் பாத்திரங்கள் நிறுவனங்களின் சொத்து. வீட்டில் வரைந்து பழகுங்கள், வெளியிடும் படத்தில் வேண்டாம். சினிமாப் பாட்டு சேர்த்தால் யூடியூப் தானாகவே கண்டுபிடித்து உரிமை கோரல் அனுப்பும். ஊரில் பம்பை வாசிப்பவரிடம் கேட்டு ஒரு நிமிடம் பதிந்து வாருங்கள். சண்டைக்கு அதற்கு ஈடான தாளம் இல்லை. அவர் பெயரைப் படத்தில் போட மறக்காதீர்கள்.

மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கைப்பேசியில் ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போன்ற செயலி போதும். முந்தின ஃபிரேம் மங்கலாகத் தெரியும் ஆனியன் ஸ்கின் வசதி அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கணினி இருந்தால் கிரிட்டா, ஓபன்டூன்ஸ், பிளெண்டர் மூன்றும் இலவசம். 2025-இல் ஆஸ்கார் வாங்கிய லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்ததுதான்.

நடுவில் பொம்மை தட்டுப்பட்டு நகர்ந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் யாரும் எதையும் தொடாதீர்கள். ஆனியன் ஸ்கின்னைப் போட்டு, பாதத்தை முதலில் பழைய இடத்தில் பொருத்துங்கள். பிறகு இடுப்பு, கடைசியில் தலை. தலையில் தொடங்கினால் கால் எப்போதும் விலகியே நிற்கும். 2 மி.மீ. வரை பிசகு இருந்தால் கயலுக்கு அப்படியே விடலாம், அவள் தடுமாறுகிறவள்தானே. கோட்டையாருக்கு விடக் கூடாது. அந்த ஷாட்டை முதல் ஃபிரேமிலிருந்து மறுபடி எடுங்கள். எடுத்து முடித்த ஒவ்வொரு ஷாட்டையும் அன்றிரவே பென் டிரைவில் ஒரு நகல் போட்டு வையுங்கள்.